தூதும் தூதனும்: விவிலியத் தேவதூதர் திரைப்படத்தில் அடைந்த மாற்றம்

விவிலியத்தில் தேவதூதர் எவ்வாறு தோன்றுகின்றனர், திரைப்படத்தில் எவ்வாறு தோன்றுகின்றனர் என்று ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பொருள் தமிழாய்வுக்குப் புறம்பானது எனச் சிலர் கருதுதல் கூடும். தமிழ் உரைநடை வரலாற்றில் விவிலிய மொழிபெயர்ப்புக்கு ஓரிடம் உண்டு. அதனை முதுகலை வகுப்பிற் பாடஞ் சொல்லுங்கால் யாம் கண்ட ஒன்றே இவ்வாராய்ச்சிக்கு வித்தாயிற்று. ஆபிரகாமின் கூடாரத்துக்கு மூவர் வந்த பகுதியைப் படித்து முடித்தபின், வந்தவர் எவ்வுருவினர் என வினவினோம். வெண்ணாடை, இறகு, தலையைச் சூழ்ந்த ஒளிவட்டம் என மாணவர் விடையிறுத்தனர். படித்த பகுதியில் இம்மூன்றில் ஒன்றேனும் இல்லை. கையில் நூல் விரிந்திருக்கவும், திரையிற் கண்ட உருவே அவர்தம் நெஞ்சில் நின்றது. நூலுக்கும் அதைப் படிப்பார்க்கும் இடையே பிறிதொன்று புகுந்து நிற்குமாயின், அஃது எங்கிருந்து வந்தது, வந்து எதனை மறைத்தது என ஆராய்தல் இலக்கியம் பயில்வார் கடனன்றோ?

முதற்கண் சொல்லை நோக்குவோம். எபிரேய மொழியில் ‘மலாக்’ என்பது தூது செல்வோனைக் குறிக்கும் பொதுச்சொல். அனுப்பியவன் இறைவனாயினும் அரசனாயினும் ஆடு மேய்ப்பவனாயினும் சொல் ஒன்றே. ஆதியாகமத்தின் 32ஆம் அதிகாரம் இதற்கு நல்ல சான்று. யாக்கோபு வழிச்செல்லுங்கால் இறைவனின் தூதர் அவனை எதிர்ப்படுகின்றனர். அடுத்து ஓரிரு வசனங்களில் யாக்கோபு தன் தமையன் ஏசாவிடம் தன் ஆட்களைத் தூதனுப்புகின்றான். இரண்டிடத்தும் மூலத்தில் உள்ளது ‘மலாக்’ என்பதன் பன்மையே. கிரேக்க மொழிபெயர்ப்பாளரும் இரண்டிடத்தும் ‘அங்கெலோஸ்’ என்ற சொல்லையே ஆண்டனர். இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் முன்னவரை ‘அங்கெலுஸ்’ எனவும், பின்னவரை ‘நூந்தியுஸ்’ எனவும் பிரித்தார். அன்றுமுதல் மேலைநாட்டு மொழிகளில் வானத்துத் தூதன் ஒரு சாதி, மண்ணுலகத் தூதன் ஒரு தொழில் என்றாயிற்று. ஆங்கிலத்தில் ‘ஏஞ்சல்’ என்னும் சொல்லைக் கேட்போர்க்குத் தூது என்னும் பொருள் நினைவுக்கு வருவதில்லை. நம் மொழிபெயர்ப்பாளர் ‘தேவதூதன்’ என்றும் ‘வானதூதர்’ என்றும் அமைத்தது இவ்வகையில் மூலத்துக்கு நெருங்கியது. கத்தோலிக்கரிடையே வழங்கிய ‘சம்மனசு’ என்னும் சொல்லுக்கு இச்சிறப்பு இல்லை.

தூது என்பதனை இலக்கணமாக வகுத்து நோக்கியவர் நம் முன்னோர். திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது. அதற்கு உரைகண்ட பரிமேலழகர், தானே வகுத்துச் சொல்பவன், சொல்லியதைச் சொல்பவன் எனத் தூதரை இருவகைப்படுத்துவர். இப்பகுப்பு அரசியல் தூதர்க்கு உரியது. எனினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இதனினும் ஏற்ற அளவுகோல் எமக்குக் கிட்டவில்லை. விவிலியத் தூதன் பெரும்பாலும் இரண்டாம் வகையினன். வருகிறான், சொல்லுகிறான், போய்விடுகிறான். அவனுக்கு ஊரில்லை, வரலாறில்லை, விருப்பு வெறுப்பில்லை. எபிரேயத் திருநூல் முழுவதிலும் பெயர் பெற்றவர் கபிரியேல், மிகாவேல் என்னும் இருவரே. இருவரும் தானியேல் நூலில்தான் பெயருடன் வருகின்றனர். ரபேல் என்பவரைத் தோபித்து நூலிற் காண்கிறோம். அந்நூல் கத்தோலிக்கர் ஏற்றுச் சீர்திருத்தச் சபையார் ஏற்காதது. சிம்சோனின் தந்தை மனோவா, வந்த தூதனிடம் பெயர் கேட்கிறான். ஏன் கேட்கிறாய் என்ற வினாவே விடையாக வருகின்றது. பின்னர் அத்தூதன் பலிபீடத்துத் தீக்கொழுந்தோடு மேலேறி மறைகின்றான். பெயர் தெரிந்தால் தூதனை நினைப்பார், தெரியாவிடில் செய்தியை நினைப்பார் என்பதே இதன் கருத்து என யாம் கொள்கின்றோம்.

‘கர்த்தருடைய தூதன்’ என்னும் தொடர் ஆதியாகமத்தில் முதன்முதல் வருமிடமும் இங்குக் கருதத்தக்கது. ஆபிரகாமும் அரசரும் அல்லர். எகிப்திய அடிமைப் பெண் ஆகார், கருவுற்ற நிலையில் தலைவியிடமிருந்து தப்பியோடிப் பாலைநிலத்து நீரூற்றருகே இருந்தபோது அத்தூதனைக் காண்கிறாள். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்பது அவன் முதல் வினா. அவன் எவ்வாறு இருந்தான் என நூல் ஒரு சொல்லும் கூறவில்லை.

இனி இறகு. விவிலியத்தில் இறகுடையோர் உளர். அவர் தூதுரைக்க ஊர்தோறும் செல்வோர் அல்லர். ஏதேன் தோட்டத்து வாயிலைக் காப்பனவும், உடன்படிக்கைப் பெட்டியின் மூடிமேல் சிறகு விரித்திருந்தனவும் கேருபீன்கள். சாலொமோன் எடுப்பித்த கோயிலில் அவை ஒவ்வொன்றும் 10 முழ உயரமும், ஒவ்வொரு சிறகும் 5 முழ நீளமும் உடையனவாகச் செய்யப்பட்டன. எசேக்கியேல் கண்ட காட்சியில் மனிதன், சிங்கம், எருது, கழுகு என நான்கு முகமும் நான்கு சிறகும் உடையனவாய், வட்டமெங்கும் கண்கள் நிறைந்த சக்கரங்களோடு அவை வருகின்றன. ஏசாயா கண்ட சேராபீன்களுக்கு ஆறு சிறகு. இரண்டால் முகத்தையும் இரண்டால் கால்களையும் மூடி இரண்டால் பறந்தனர். இவை அரியணையைச் சூழ்ந்தவை. இவற்றை ‘மலாக்’ என அத்திருநூல் யாண்டும் குறிக்கவில்லை. யாக்கோபின் கனவில் தூதர் ஏணிவழியே ஏறியும் இறங்கியும் சென்றனர் என்பதை நோக்குக. சிறகுடையார்க்கு ஏணி எற்றுக்கு? தானியேலிடம் கபிரியேல் விரைந்து பறந்து வந்தான் எனப் பலர் பெயர்க்கும் தொடர், எபிரேயத்தில் களைத்து வந்தான் எனவும் பொருள்படும் இடர்ப்பாடுடையது. வெளிப்படுத்தின விசேஷத்தில் நடுவானிற் பறக்கும் தூதன் ஒருவன் உளன். அங்கும் சிறகு சொல்லப்படவில்லை.

கிறித்தவ ஓவியத்தின் தொடக்கமும் இதற்கு இயைந்தே இருந்தது. உரோமைப் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில், மரியாளுக்குத் தூதுரைக்கும் காட்சி எனக் கருதப்படும் கி.பி. 3ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் தூதன் சிறகற்ற மனிதனாகவே நிற்கின்றான். சிறகுடைய தூதர் முதற்கண் காணப்படுவது, இஸ்தான்புல் நகரின் சாரிகுசேல் பகுதியிற் கிடைத்த, முதலாம் தியோடோசியஸ் (கி.பி. 379–395) காலத்ததெனக் கணிக்கப்படும் கல்லறைப் பேழையில். கிரேக்கர் ‘நீக்கே’ என்றும் உரோமர் ‘விக்டோரியா’ என்றும் வழிபட்ட வெற்றித் தெய்வத்தின் சிறகே தூதனுக்கு வந்து சேர்ந்தது என்பர் கலை வரலாற்றார். ஜெரோம் சொல்லைப் பிரித்ததும் சிற்பி சிறகை ஒட்டியதும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் நிகழ்ந்தன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என யாம் கூறவில்லை. ஆயின் அதே தலைமுறையினரான அகுஸ்தீன் (354–430), தூதன் என்பது இயல்பு பற்றிய பெயரன்று, பணி பற்றிய பெயர் என வற்புறுத்தினார். வற்புறுத்த வேண்டிய தேவை அப்போதே எழுந்துவிட்டது போலும்.

திரைப்படம் பிறந்தபோது ஓவியரின் சிறகு ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை பெற்றிருந்தது. ஆதலின் தொடக்ககால இயேசு வரலாற்றுப் படங்கள் தேவாலய ஓவியத்தை அசையச் செய்ததற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பிரெஞ்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தார் 1903இல் வெளியிட்ட படத்தின் தூதர் இவ்வகையினர். அவற்றில் ஆராய்வதற்கு மிகுதியில்லை.

புதுமை 1940களில் தோன்றியது. ‘ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்’ (1941) என்னும் அமெரிக்கப் படத்தில் 7013 என்னும் எண்ணுடைய தூதர் ஒருவர், குத்துச்சண்டை வீரன் ஒருவனின் உயிரை நேரம் வருமுன்னரே எடுத்துவிடுகிறார். பவலும் பிரஸ்பர்கரும் இங்கிலாந்தில் எடுத்த ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ (1946) இதற்கு மறுதலை. மூடுபனியால் வானூர்தி வீரன் ஒருவனைத் தவறவிட்டுவிடுகிறார் 71ஆம் எண் வழிநடத்துநர். இரண்டிலும் மேலுலகம் பதிவேடும் கணக்கும் உடைய அலுவலகம். போர்க்காலத்தில் மகனின் இறப்பு பெற்றோர்க்குத் தந்தியாக, பட்டியலில் ஒரு பெயராக வந்தது. அக்கணக்கில் எங்கோ ஒரு பிழை நேர்ந்திருக்கலாகாதா என்னும் ஏக்கமே இக்கதைகளின் உயிர்நிலை என யாம் கருதுகின்றோம். தூதரும் பிழை செய்வர் என்பதற்கு விவிலியத்திலும் ஒரு குறிப்பு உண்டு. யோபு நூலில் எலிப்பாஸ் அவ்வாறு பேசுகிறான். ஆனால் எலிப்பாஸ் பேசியது சரியன்று என அந்நூலின் இறுதியில் இறைவனே கடிந்துரைப்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

பிராங்க் காப்ரா இயக்கிய ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946 டிசம்பரில் வெளிவந்தது. ஆற்றில் விழுந்து மாள நிற்கும் ஜார்ஜ் பெய்லியைக் காக்க வரும் கிளாரன்ஸ் இரண்டாம் தரத் தூதர். சிறகு பெறாமல் 200 ஆண்டுக்கு மேல் காத்திருப்பவர். மண்ணில் வாழ்ந்தபோது கடிகாரத் தொழிலாளர். ஹென்றி டிராவர்ஸ் இவ்வேடத்தை மிக எளிமையாக நடித்துள்ளார். மூழ்க எண்ணியவனைத் தடுக்கத் தாமே ஆற்றிற் குதித்து, அவன் தம்மைக் காப்பாற்றும்படி செய்வது அறிவு நிறைந்த காட்சி. எனினும் நூலோடு ஒப்பிடுங்கால் இங்கு மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்துள்ளன. இறந்த மனிதன் தூதனாகின்றான்; இயேசு கூறியதாக மத்தேயு எழுதுவதோ, உயிர்த்தெழுவோர் தூதரைப் போன்றிருப்பர் என்பதே. அடுத்து, சிறகு பதவி உயர்வின் அடையாளமாகின்றது. எல்லாவற்றினும் பெரியது, தூதனுக்குத் தன்னலம் ஒன்று உண்டாகிவிட்டது. படத்தின் கடைசியில் கிறிஸ்துமஸ் மரத்தின் மணி ஒலிக்கும்போது நம் மகிழ்ச்சியில் ஒரு பங்கு கிளாரன்சுக்குச் சிறகு கிடைத்ததற்கே செல்கின்றது. 1974இல் இப்படத்தின் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாது போனமையால் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஆண்டுதோறும் இதனை ஒளிபரப்பின. அதனால் இவ்வுருவமே பொதுமக்கள் நெஞ்சில் நிலைபெற்றது. அடுத்த ஆண்டு வந்த ‘தி பிஷப்ஸ் ஒய்ஃப்’ (1947) படத்தில் கேரி கிராண்ட் நடித்த தூதர், தாம் உதவ வந்த பேராயரின் மனைவியிடம் மனம் நெகிழ்கின்றார். தானே வகுத்துச் சொல்பவன் என்னும் நிலையையும் கடந்து, தூதன் கதைத் தலைவனாகும் காலம் இது.

அச்சம் போயிற்று என்பதையும் சொல்லவேண்டும். விவிலியத் தூதன் வாய்திறந்தால் பெரும்பாலும் முதலிற் கூறுவது அஞ்சாதே என்பது. கிதியோன் அஞ்சினான், சகரியா அஞ்சினான், தானியேல் வலியிழந்து தரையில் வீழ்ந்தான். கிளாரன்சைக் கண்டு எவரும் அஞ்சார். அச்சத்தைத் திரையில் காட்ட முயன்றவருள் செசில் டிமில்லை ஒருவராகக் கூறலாம். ‘தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ (1956) படத்தில் எகிப்தின் தலைப்பிள்ளைகளை மாய்க்க வருவது வானிலிருந்து இறங்கித் தெருக்களில் ஊரும் பச்சைநிறப் புகை. யாத்திராகமமும் அவ்வழிப்பவனுக்கு உருவம் கூறவில்லை. ஆதலின் இதனைப் பிழையெனத் தள்ளுதல் இயலாது.

ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘தி பைபிள்: இன் தி பிகினிங்’ (1966) நெடிய படம், பல இடங்களில் சோர்வு தருவது. ஆயினும் ஆபிரகாமின் கூடாரக் காட்சி ஒன்றுக்காக அது நினைக்கப்பட வேண்டும். வரும் மூவரையும் பீட்டர் ஓடூல் என்னும் ஒரே நடிகர் நடித்தார். மூவர்க்கும் ஒரே முகம். இஃது இயக்குநர் செய்த விளையாட்டெனத் தோன்றலாம். மூலத்தை நோக்குவார்க்கு அவ்வாறு தோன்றாது. ஆதியாகமம் 18ஆம் அதிகாரம், இறைவன் ஆபிரகாமுக்குத் தோன்றினான் எனத் தொடங்கி, உடனே மூன்று மனிதர் நின்றனர் என்கிறது. ஆபிரகாம் முதலில் ஒருவனை விளிப்பது போல் ஒருமையிலும், கால் கழுவவும் இளைப்பாறவும் வேண்டுங்கால் பன்மையிலும் பேசுகிறான். உன் மனைவி எங்கே என ‘அவர்கள்’ கேட்கின்றனர். அவளுக்கு மகன் பிறப்பான் என ‘அவன்’ சொல்லுகிறான். ஒருமை பன்மை மயக்கம் என நம் இலக்கண நூலார் வழுவாகக் கொள்வதை, இங்கு நூல் தன் பொருளுக்கு இன்றியமையாததாகக் கொண்டுள்ளது. வந்தவர் தூதரோ, அனுப்பியவனே வந்தானோ என்னும் ஐயத்தை அது தீர்க்க விரும்பவில்லை. மொழிபெயர்ப்பாளர் பலர் இம்மயக்கத்தைச் செப்பஞ் செய்ய முற்பட்டிருக்க, ஹூஸ்டன் ஒரு முகத்தை மும்முறை காட்டி அதனை அவ்வண்ணமே காத்தார். எம் வகுப்பு மாணவர்க்கு இக்காட்சியைக் காட்டிய பின்னரே அவ்வசனங்களின் திணை, எண் மாற்றங்களை அவர்கள் தாமே சுட்டத் தொடங்கினர் என்பதையும் ஈண்டுக் குறித்தல் பொருந்தும். படம் நூலை மறைக்கவும் செய்யும், சில வேளை விளக்கவும் செய்யும்.

இதே விருந்தை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆந்திரேய் ரூப்ளேவ் மூவொருமை ஓவியமாகத் தீட்டினார். அங்கும் மூவர் முகங்கள் பெரிதும் ஒத்திருக்கின்றன, சிறகு மட்டும் உண்டு. அவ்வோவியரைப் பற்றித் தார்க்கோவ்ஸ்கி எடுத்த படமும் அதே 1966இல் நிறைவுற்றது. கருப்பு வெள்ளையில் ஓடும் அப்படத்தின் இறுதியில் மட்டும் வண்ணத்தில் ஓவியங்கள் தோன்றுகின்றன.

விம் வெண்டர்ஸ் என்னும் ஜெர்மானிய இயக்குநர் 1987இல் எடுத்த ‘பெர்லினின் மேல் வானம்’ என்னும் படம் — ஆங்கிலத்தில் ‘விங்ஸ் ஆஃப் டிசையர்’ — முன்னாள் தூதர் எல்லோர்க்கும், சிறப்பாக ஓசு, திருஃபோ, தார்க்கோவ்ஸ்கி என்னும் மூன்று இயக்குநர்க்கும் படைக்கப்பட்டது. இதன் தூதர் நீண்ட மேலங்கி அணிந்த நடுவயது ஆடவர். தொடக்கத்தில் தூதன் டேமியலின் தோளில் சிறகு ஒரு கணம் தோன்றி மறைகின்றது. பின்னர்ச் சிறகு அணிபவள் சர்க்கசில் ஊஞ்சலாடும் மரியன் என்னும் பெண். அது வேடத்திற்கான கோழியிறகு. டேமியல் நகரைப் பார்த்து அமர்ந்திருப்பதோ, 1873இல் திறக்கப்பட்ட வெற்றித்தூணின் உச்சியில் நிற்கும் பொன்னிற விக்டோரியாவின் தோளில். தியோடோசியஸ் காலச் சிற்பி எவளிடமிருந்து சிறகைப் பெற்றுத் தூதனுக்குக் கொடுத்தானோ, அவள் தோளிலேயே சிறகில்லாத் தூதன் வந்து அமர்கின்றான். வெண்டர்ஸ் இதனை எண்ணிச் செய்தாரோ அறியோம். காட்சி அவ்வரலாற்றைத் தன்னுள் கொண்டிருக்கின்றது.

இத்தூதரிடம் செய்தி எதுவும் இல்லை. நூலகத்திலும் சுரங்க இருப்பூர்தியிலும் மக்கள் நெஞ்சிலோடும் எண்ணங்களைக் கேட்கின்றனர், குறித்துக்கொள்கின்றனர், சுவரால் பிளவுண்ட நகரின் இருபுறமும் தடையின்றி உலவுகின்றனர். சாக நினைப்பவனைத் தடுக்கவும் அவரால் இயலவில்லை. விவிலியத்தில் இவர்க்கு ஒப்புக் காட்டவேண்டுமாயின் தானியேல் நூலின் 4ஆம் அதிகாரத்தில் ‘விழித்திருப்போன்’ என அரமேய மொழியில் குறிக்கப்படுவோரைக் காட்டலாம். ஏனோக்கின் பெயரால் வழங்கும் பழநூல் இவ்விழித்திருப்போர் மானிடப் பெண்டிரை விரும்பி மண்ணுக்கு இறங்கிய கதையை விரித்துரைக்கின்றது; ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் தேவபுத்திரரைப் பற்றி வரும் சில வசனங்கள் அக்கதையின் சுருக்கம் போல் உள்ளன. டேமியலும் மரியனை விரும்பி மனிதனாகின்றான். குருதியின் நிறத்தைக் கண்டு வியக்கின்றான். தூதர் உலகைக் காட்டிய கருப்பு வெள்ளை நீங்கி வண்ணம் வருகின்றது. பழநூல் வீழ்ச்சி என்றதைப் படம் பேறு என்கின்றது. இப்படத்தை அழகிற் சிறந்ததென யாம் தயங்காது கூறுவோம். ஆயின் மனிதன் இறைவனை நோக்கி ஏங்கிய நூலினின்றும், தூதன் மனிதனை நோக்கி ஏங்கும் கதைக்கு வந்துவிட்டோம் என்பதை அவ்வழகு மறைத்துவிடலாகாது.

பின்வந்தோர் இவ்வழியே சென்றனர். ‘சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்’ (1998) அப்படத்தின் அமெரிக்க மறுவாக்கம். ‘மைக்கேல்’ (1996) படத்தில் மிகாவேல் பியர் அருந்திப் புகைபிடிக்கின்றார்; ‘தி பிராபெசி’ (1995) படத்துக் கபிரியேல் மனிதர்மேல் அழுக்காறு கொண்டு போர் தொடுக்கின்றார். இவற்றைப் பற்றி நீள உரைத்தல் வேண்டா. ஆரோனோஃப்ஸ்கியின் ‘நோவா’ (2014) மட்டும் ஏனோக்கு நூலை நேரே எடுத்தாண்டது. அந்நூலில் விழித்திருப்போர் படைக்கலம் செய்யவும் அழகுப்பொருள் கூட்டவும் கற்பித்தது குற்றம். படத்தில் அவர் மனிதர்க்கு இரங்கி உதவியமையால் கல்லுருவில் அடைபட்டவர். குற்றம் இரக்கமாக மாறியதைக் காண்க.

செய்தியை விட்டுவிடாத படங்களும் உள. பசோலினியின் ‘மத்தேயு நற்செய்தி’ (1964) உரையாடல் ஏறத்தாழ முழுவதையும் அந்நற்செய்தியினின்றே எடுத்தது. யோசேப்புக்குத் தோன்றும் தூதன் அதில் வெண்ணாடை உடுத்த ஓர் இளம்பெண். நடிப்பைத் தொழிலாகக் கொண்டவளல்லள். சிறகில்லை, ஒளிவட்டமில்லை. நிற்கிறாள், நூலில் உள்ளதைச் சொல்லுகிறாள், அடுத்த காட்சியில் இல்லை. சொல்லியதைச் சொல்பவன் என்னும் இலக்கணத்துக்குத் திரையில் இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டை யாம் கண்டதில்லை.

செஃபிரெல்லி தொலைக்காட்சிக்கென எடுத்த ‘நாசரேத்தூர் இயேசு’ (1977) இன்னும் ஒருபடி செல்கின்றது. மரியாள் இரவில் விழித்தெழுகின்றாள். உயரத்துச் சன்னல் வழியே ஒளி வீழ்கின்றது. கபிரியேல் தோன்றுவதுமில்லை, அவன் குரல் கேட்பதுமில்லை. மரியாளின் மறுமொழிகளே கேட்கின்றன. அவள் தாய் அன்னாள் அதனைக் காண்கின்றாள். தன் மகள் யாருமில்லாத இடத்தை நோக்கிப் பேசுவதே அவளுக்குத் தெரிகின்றது. லூக்கா எழுதியதில் அன்னாள் இல்லை; இது படத்தார் சேர்த்தது. ஆனால் தானியேல் நூலின் 10ஆம் அதிகாரத்தில், ஆற்றங்கரையில் தானியேல் ஒருவனே காட்சியைக் காண்கிறான். உடனிருந்தோர் ஒன்றும் காணாமலே நடுங்கி ஓடி ஒளிந்துகொள்கின்றனர். படம் பார்க்கும் நம்மையும் செஃபிரெல்லி அவ்வுடனிருந்தோர் வரிசையில், அன்னாளுக்குப் பக்கத்தில், நிறுத்திவிடுகின்றார்.